பழியும் கடனும்

"நான் செய்யாத தவற்றுக்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?"

இஃது எளிய கேள்வி. இதனைக் கேட்பவர் பலர். கேட்கும்போது அவர்தம் குரலில் நியாயத்தின் உறுதி ஒலிக்கும். பாட்டன் வெட்டிய குழியில் பேரனைத் தள்ளுவது முறையாகாது என்பதை எவரும் மறுக்க மாட்டார். ஆயினும், பாட்டன் பறித்த வயலில் பேரன் அறுவடை செய்துகொண்டிருக்க, வயலுக்குரியவனின் பேரன் வரப்பில் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அப்போதும் இக்கேள்வி அதே உறுதியுடன் ஒலிக்குமா? ஒலிக்கலாகாது என்பதே என் கருத்து. அதற்குரிய காரணங்களை, ஆஸ்திரேலிய நாட்டு முதற்குடிமக்களின் நிலவுரிமைக்காகப் பொதுமக்கள் நடத்திய இயக்கத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1997ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள், ஆஸ்திரேலியத் தலைநகராகிய கான்பராவில், நாடாளுமன்றத்தின் முன்னுள்ள புல்வெளியில் ஏறத்தாழ 70,000 கைகள் நடப்பட்டன. அவை பிளாஸ்டிக்கில் வெட்டப்பட்ட கைவடிவங்கள். முதற்குடிமக்களின் கொடிகளிலுள்ள வண்ணங்களை அவை தாங்கியிருந்தன. ஒவ்வொரு கையும் ஒரு குடிமகனின் கையொப்பத்துக்கு அடையாளமாக நின்றது. 'கைகளின் கடல்' என்று அதற்குப் பெயரிட்டனர். அவ்வாண்டில் தோன்றிய 'பூர்வீக நிலவுரிமைக்கும் நல்லிணக்கத்திற்குமான ஆஸ்திரேலியர்' என்னும் அமைப்பு அதனை ஏற்பாடு செய்தது. கையொப்பமிட்டவருள் பெரும்பாலோர் முதற்குடியினர் அல்லர், குடியேறியவர்களின் வழிவந்தோர். அவர்கள் எவர் நிலத்தையும் தம் கையால் பறித்தவர் அல்லர். பிறகு ஏன் கையொப்பமிட்டனர்?

உரியவர் இருந்தும் உரியவரற்ற மண்

இக்கேள்விக்கு விடை காணுமுன் வழக்கின் தன்மையை அறிதல் வேண்டும். 1788ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள், 11 கப்பல்களில் வந்த ஆங்கிலேயர் சிட்னித் துறையில் குடியேற்றம் நிறுவினர். அதற்கு முன்பே, ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அப்பெருநிலத்தில் மக்கள் வாழ்ந்து வந்தனர். அவர்கள் பேசிய மொழிகள் நூற்றுக்கணக்கானவை. எனினும், ஆங்கிலேயச் சட்டம் அந்நாட்டைப் போரில் வென்ற நாடாகக் கருதவில்லை; உடன்படிக்கையால் பெற்ற நாடாகவும் கருதவில்லை. உரியவர் எவருமற்ற நிலமாகவே கருதியது. அங்கு மக்கள் இருந்தனர். ஆனால், சட்டத்தின் கண்ணுக்கு உரியவர் இல்லை. வேலியிடாதவனுக்கும் உழாதவனுக்கும் நிலத்தின்மேல் உரிமை இல்லை என்னும் ஐரோப்பியக் கருத்து, இப்பெரும் பொய்யைத் தாங்கும் தூணாயிற்று.

1963ஆம் ஆண்டு, நாட்டின் வடகோடியிலுள்ள யிர்க்காலா என்னும் இடத்தில் வாழும் யோல்ங்கு மக்கள், தம் நிலத்தில் பாக்சைட்டுச் சுரங்கம் தோண்டுவதை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அவ்விண்ணப்பத்தை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தம் குலத்து ஓவியங்களைத் தீட்டியிருந்தனர். சுரங்கம் நிற்கவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. 1971ஆம் ஆண்டு தீர்ப்பளித்த நீதிபதி பிளாக்பர்ன், அம்மக்களிடம் ஒழுங்கான சட்டமுறை ஒன்று உண்டு என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால், நிலம் குலத்துக்கு உரியது என்பதைவிடக் குலம் நிலத்துக்கு உரியது என்பதே பொருந்தும் என்னும் கருத்துப்படக் கூறி, அத்தகைய உறவு சொத்துரிமை ஆகாது என்று முடித்தார்.

தமிழ் பயிலும் மாணவர் இத்தீர்ப்பை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் அந்நிலத்தைச் சார்ந்த கருப்பொருள்கள். மக்களின் அகவாழ்வாகிய உரிப்பொருளும் திணையோடு இயைந்தே பேசப்படும். மண்ணிலிருந்து மனிதனைப் பிரித்து அறிய இயலாது என்பது நம் இலக்கணத்தின் அடிப்படை. குறிஞ்சி நிலத்தவன் குறிஞ்சியை உடையவன் என்பதினும் குறிஞ்சியைச் சார்ந்தவன் என்பதே நமக்கு இயல்பாகத் தோன்றும். அவ்வியல்பையே காரணமாகக் காட்டி, 'ஆகவே உனக்கு உரிமை இல்லை' என்று ஒருவர் கூறினால், அதிலுள்ள கொடுமை நமக்கு எளிதில் விளங்கும். விற்கவும் வாங்கவும் இயலாத அளவு ஆழமான உறவு, ஆழமாக இருந்த குற்றத்துக்காகவே தள்ளுபடி செய்யப்பட்டது.

இப்பொய்யை உடைத்தவர் எட்டி கொய்க்கி மேபோ. டோரஸ் நீரிணையிலுள்ள மெர் தீவில் பிறந்த இவர், டவுன்ஸ்வில் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை செய்துவந்தார். அங்கு வரலாற்றாசிரியர்களுடன் உரையாடியபோதுதான், தம் முன்னோர் வழிவழியாகப் பயிரிட்ட நிலம் சட்டப்படி அரசுக்கே உரியது என்பதை அறிந்தார். 1982ஆம் ஆண்டு அவரும் மெரியம் மக்கள் நால்வரும் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டு கழித்து, 1992ஆம் ஆண்டு சூன் திங்கள் 3ஆம் நாள், அந்நாட்டின் தலையாய நீதிமன்றத்து நீதிபதிகள் எழுவருள் அறுவர் முதற்குடிமக்களின் பூர்வீக உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பைக் கேட்க மேபோ உயிரோடு இல்லை. அவ்வாண்டின் சனவரித் திங்களிலேயே மறைந்துவிட்டார்.

அச்சமும் கையொப்பமும்

1996ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்த 'விக்' வழக்கின் தீர்ப்பு மற்றுமோர் அடி முன்னே வைத்தது. மேய்ச்சலுக்காக அரசு குத்தகைக்கு விட்ட நிலங்களிலும் பூர்வீக உரிமை முற்றாக அழிந்துவிடுவதில்லை. இரண்டும் ஒரே நிலத்தில் உடனிருக்கலாம். முரண்பாடு எழுமிடத்துக் குத்தகையாளரின் உரிமையே மேலோங்கும் என்பது அதன் சாரம். நடுநிலையோடு நோக்கின், இஃது இரு சாராரும் ஒரு வெளியைப் பகிர்ந்துகொள்வதற்கான வழியே. ஆனால், நாடெங்கும் அச்சம் பரப்பப்பட்டது. 'உங்கள் வீட்டுக் கொல்லையும் பறிபோகும்' என்றனர். தனியுடைமையாக வழங்கப்பட்ட நிலத்தில் பூர்வீக உரிமை இல்லாது போகும் என்பதை மேபோ தீர்ப்பே கூறியிருந்தும், அச்சத்தின் செவியில் அஃது ஏறவில்லை. பூர்வீக உரிமையைக் குறுக்கும் பத்து அம்சத் திட்டத்தை அரசு முன்வைத்தது.

அந்நேரத்தில்தான் மேற்கூறிய கைகள் புல்வெளியில் நடப்பட்டன. அக்கையொப்பங்களைப் பெறுவதற்கு மக்கள் வீடு வீடாகவும் தெருத் தெருவாகவும் சென்றனர். ஓர் அண்டை வீட்டுக்காரன் மற்றோர் அண்டை வீட்டுக்காரனிடம், 'உன் கொல்லைக்கு ஒன்றும் ஆகாது; ஆனால், உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும்' என்று பேசும் நிலை அதனால் உண்டாயிற்று. நீதிமன்றம் உரிமையை அறிவிக்கலாம். அச்சத்தை நீக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அச்சம் முகத்துக்கு முகம் பேசுவதால் மட்டுமே நீங்கும்.

இம்முறை புதியதன்று. 1966ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள், வேவ் ஹில் என்னும் கால்நடைப் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் ஏறத்தாழ 200 குரிஞ்சி இனத்தவர் வேலையை விட்டு வெளியேறினர். மாடு மேய்ப்பவரும் வீட்டுப் பணியாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அவர்களுள் இருந்தனர். முதலில் கூலிப் போராட்டம் போலத் தோன்றிய அது, தம் முன்னோர் மண்ணை மீட்கும் போராட்டம் என்பது விரைவில் புலனாயிற்று. அவர்கள் ஒன்பது ஆண்டுகள் அசையவில்லை. நெடுந்தொலைவிலுள்ள நகரங்களின் தொழிற்சங்கங்கள் பொருளுதவி செய்தன. பிராங்க் ஹார்டி என்னும் எழுத்தாளர் அவர்தம் கதையை நூலாக எழுதினார். 1975ஆம் ஆண்டு பிரதமர் கஃப் விட்லம், அம்மண்ணை ஒரு பிடி அள்ளி லிங்கியாரியின் கையில் பெய்து நிலத்தை ஒப்படைத்தார். மறு ஆண்டே வட ஆட்சிப்பகுதிக்கான நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது.

பழி வேறு, கடன் வேறு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 1997ஆம் ஆண்டு மே திங்களில், முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமை பற்றிய விசாரணை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1910 முதல் 1970 வரையிலான காலத்தில், முதற்குடிப் பிள்ளைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. அத்திங்களில் மெல்பர்ன் நகரில் நடந்த நல்லிணக்க மாநாட்டில் பேசிய அன்றைய பிரதமர் ஜான் ஹாவர்ட், தம் கட்டுப்பாட்டில் இல்லாத கடந்தகாலச் செயல்களுக்காக இன்றைய தலைமுறையினர் குற்றமும் பழியும் ஏற்க வேண்டுவதில்லை என்னும் கருத்தை வலியுறுத்தினார். அவையிலிருந்த பலர் எழுந்து அவருக்கு முதுகு காட்டி நின்றனர்.

ஹாவர்ட் கூறியதில் ஒரு பாதி உண்மை என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பழி செய்தவனோடு ஒட்டியது. அறிந்து செய்தவனுக்கே குற்றம். பிறப்பினால் ஒருவனைக் குற்றவாளியாக்குவது, பிறப்பினால் ஒருவனைத் தாழ்ந்தவனாக்குவதற்கு ஒப்பாகும். இத்தகைய கொள்கையால் எத்தனை தீமை விளையும் என்பதை நம் சமுதாயம் நன்கு அறியும்.

ஆயின், கடன் அத்தகையதன்று. தந்தை இறந்தபின் அவருடைய வீட்டையும் வயலையும் ஏற்றுக்கொண்ட மகன், அவர் எழுதிக்கொடுத்த கடன் சீட்டை மட்டும் 'நான் வாங்கியதன்று' என்று கிழித்தெறிய முடியுமா? எறிந்தால் ஊர் நகைக்கும். தந்தையின் கடனைத் தீர்க்கும் மகனை ஊரார் குற்றவாளி என்று தூற்றுவதில்லை; மானமுள்ளவன் என்றே போற்றுகின்றனர். அவன் தலை குனிந்து கடனைத் தீர்ப்பதில்லை. தலை நிமிர்ந்தே தீர்க்கின்றான். பழியை ஏற்கச் சொன்னால் மனிதன் சினம் கொள்கின்றான். கடனை எண்ணச் சொன்னால் அவன் கணக்கைப் புரட்டிப் பார்க்கத் தொடங்குகின்றான். நல்லிணக்க இயக்கத்தின் வெற்றியும் தோல்வியும், மக்கள் அதனைப் பழியாகக் கேட்டனரா கடனாகக் கேட்டனரா என்பதைப் பொறுத்தே அமைந்தன எனலாம்.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் நாள், 1915ஆம் ஆண்டு கல்லிப்போலிக் கடற்கரையில் இறங்கிப் போரிட்ட வீரர்களை ஆஸ்திரேலியர் நினைவுகூர்கின்றனர். அப்போரில் கலந்துகொண்ட எவரும் இன்று உயிரோடு இல்லை. எனினும், 'நம் வீரர், நம் தியாகம்' என்றே கூறுகின்றனர். அது முறையே, நாடு என்பது ஒரு தலைமுறையோடு முடிவதன்று. ஆனால், தான் போரிடாத போரின் பெருமையில் பங்கு கொள்பவன், தான் பறிக்காத நிலத்தின் கடனில் பங்கில்லை என்று கூறலாகாது.

'அவ்வாறாயின் எவ்வளவு பின்னோக்கிச் செல்வது? உலகில் எந்த நிலந்தான் எவரிடமிருந்தும் பறிக்கப்படாதது?' என்று கேட்பர். தக்க கேள்வியே. இதற்கு விடை, கடன் கேட்பவர் இன்னும் வாசலில் நிற்கின்றனர் என்பதே. நெடுங்காலத்துக்கு முன் மறைந்த ஓர் அரசின் வழக்கன்று இது. பிரிக்கப்பட்ட பிள்ளைகளுள் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். நிலத்தோடு கொண்ட உறவை இடையறாது காத்துவந்தவரே நீதிமன்றத்தில் உரிமை பெற்றனர்.

ஆனால், இவ்விடத்தே சட்டத்தின் எல்லையையும் காண வேண்டும். 2002ஆம் ஆண்டு, நாட்டின் தென்கிழக்கே மறி ஆற்றங்கரையைச் சார்ந்த யோர்த்தா யோர்த்தா மக்களின் வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. பழைய சட்ட வழக்கங்களை அவர்கள் இடையறாது கடைப்பிடித்து வந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பது காரணம். அவர்களை நிலத்திலிருந்து விரட்டியவர் யார்? குடியேறியவரே. முழுமையாக விரட்டப்பட்டவனுக்கு உரிமை இல்லை; அரைகுறையாக விரட்டப்பட்டவனுக்கு உரிமை உண்டு என்றால், தவறு பெரிதாகுந்தோறும் கடன் சிறிதாகின்றது. சீட்டை எரித்துவிட்டால் கடன் தீர்ந்தது என்பது போன்றதே இது. சட்டம் இவ்விடத்தில் கையை விரிக்கலாம். மனிதனின் மனச்சான்று கையை விரிக்கலாகாது. குடிமக்களின் இயக்கத்துக்கு வேலை தொடங்கும் இடமும் இதுவே.

சொத்தே பெறாதவரின் கடமை

சொத்துப் பெற்றவன் கடன் தீர்க்க வேண்டும் என்றோம். சொத்தே பெறாதவன்? தானும் ஒடுக்கப்பட்டு, கூலியாகக் கொண்டுவரப்பட்டவன்? அவனுக்கும் இதில் கடமை உண்டா?

இக்கேள்விக்குச் சொல்லால் அன்றி வாழ்வால் விடையளித்தவர் ஃபெய்த் பாண்ட்லர் என்னும் அம்மையார். இவர் ஆஸ்திரேலிய முதற்குடியினர் அல்லர். இவர்தம் தந்தையார் பசிபிக்கிலுள்ள அம்ப்ரிம் தீவிலிருந்து சிறுவனாகக் கடத்தப்பட்டு, குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க வைக்கப்பட்டவர். தாயார் ஸ்காட்லாந்திய, இந்தியக் கலப்பு வழியினர். கரும்புத் தோட்டக் கூலியின் மகளாகப் பிறந்த இவ்வம்மையார், 'எனக்கே இழைக்கப்பட்ட அநீதி போதாதா?' என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. முதற்குடித் தலைவியாகிய பேர்ல் கிப்சுடன் சேர்ந்து 1956ஆம் ஆண்டு ஓர் அமைப்பை நிறுவினார். மறு ஆண்டு சிட்னி நகர மண்டபத்தில், அரசியல் சட்டத்தை மாற்றக் கோரும் கையொப்ப இயக்கம் தொடங்கப்பட்டது. பத்தாண்டுகள் மண்டபங்களிலும் கோவில்களிலும் சங்கங்களிலும் பேசிப் பேசி மக்கள் மனத்தைப் பண்படுத்தினர். 1967ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டோர் மாற்றத்தை ஆதரித்தனர். நாட்டின் மக்கட்தொகைக் கணக்கில் முதற்குடியினரைச் சேர்ப்பதற்கும், அவர்களுக்காக நடுவணரசு சட்டம் இயற்றுவதற்கும் இருந்த தடைகள் நீங்கின.

பாண்ட்லர் அம்மையாரின் வாழ்வு கற்பிப்பது யாது? தானும் துன்புற்றேன் என்பது பிறர் துன்பத்தினின்று விலகுவதற்கு உரிமைச் சீட்டு ஆகாது. அதனை அறிந்துகொள்வதற்குக் கிடைத்த கண்ணே ஆகும்.

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கு ஒன்றை நினைவுகூரலாம். கண்ணகிக்குத் தவறிழைத்தவன் பாண்டியன். அவளுக்குக் கல் எடுத்தவனோ சேரன். அவன் நாட்டில் அத்தவறு நிகழவில்லை. அவன் கோல் வளையவுமில்லை. குன்றக்குறவர் தாம் கண்டதை வந்து உரைத்தனர், அவன் கேட்டான், தன் கடமை என ஏற்றான். தவறு செய்யாதவனும் நீதிக்குக் கல் எடுக்கலாம். எடுப்பதால் அவன் குற்றவாளி ஆவதில்லை. மலைவாழ் மக்கள் சொல்லியே அரசன் அறிந்தான் என்பதும் எண்ணத்தக்கது.

அதனால் எழும் எச்சரிக்கையும் ஒன்று உண்டு. துணை நிற்பவன் முன்னே நடக்கத் தொடங்கினால் உதவியே ஒரு புதிய பறிப்பாகிவிடும். 1970ஆம் ஆண்டு, நிலவுரிமைக்காகவும் குடியுரிமைக்காகவும் உழைத்த தேசியப் பேரவையில் இச்சிக்கலே எழுந்தது. முதற்குடிமக்களின் அமைப்பை முதற்குடிமக்களே நடத்த வேண்டும் என்ற கோரிக்கையால் அப்பேரவை பிளவுபட்டது. பல்லாண்டு உழைத்த நல்லோர்க்கு அது வேதனை தந்திருக்கும். எனினும், கோரிக்கையின் நியாயத்தை மறுக்க இயலாது. நிலத்தை இழந்தவன் குரலையும் இழக்கலாகாது. 1997இல் நடப்பட்ட கைகளின் பொருத்தமும் இதில் இருந்தது. கை பேசுவதில்லை, உடன் நிற்கின்றது.

தோற்ற வாக்கும் தோற்காத கடனும்

இவ்வியக்கம் வென்றதா? கான்பராவில் அத்தனை கைகள் நின்றும், 1998ஆம் ஆண்டு பூர்வீக உரிமையைக் குறுக்கும் திருத்தச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு ஐக்கிய நாட்டு அமைப்பின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு அச்சட்டத்தைக் குறித்துக் கவலை தெரிவித்தது. 2000ஆம் ஆண்டு மே திங்கள் 28ஆம் நாள், நல்லிணக்கம் வேண்டி ஏறத்தாழ 250,000 மக்கள் சிட்னித் துறைமுகப் பாலத்தை நடந்து கடந்தனர். 2008ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள், பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் பிரிக்கப்பட்ட பிள்ளைகளிடம் மன்னிப்புக் கோரினார். 2019ஆம் ஆண்டு டிம்பர் கிரீக் வழக்கில், நிலத்தோடு கொண்ட ஆன்மிக உறவின் இழப்புக்கும் இழப்பீடு உண்டு என்று தலையாய நீதிமன்றம் உறுதி செய்தது. 1971இல் எந்த உறவு சொத்துரிமை ஆகாது எனத் தள்ளப்பட்டதோ, அவ்வுறவே 48 ஆண்டுகளுக்குப் பின் நீதியின் தராசில் ஏறியது.

ஆயின், 2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் மற்றொரு வாக்கெடுப்பு நடந்தது. முதற்குடிமக்கள் தம் கருத்தை நாடாளுமன்றத்துக்கு எடுத்துரைக்க ஒரு நிலையான அவையை அரசியல் சட்டத்தில் அமைக்கலாமா என்பதே கேள்வி. நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் வேண்டா என்றனர். ஆறு மாநிலங்களும் மறுத்தன.

1967இல் 90, 2023இல் 40. இவ்வீழ்ச்சியைக் கண்டு, மக்கள் கொடியவராயினர் என முடிவு செய்தல் அவசரமாகும். மறுத்தவருள் பல்வேறு காரணம் உடையோர் இருந்தனர். இத்தகைய அவை போதாது என்று கருதிய முதற்குடியினரும் இருந்தனர். ஆயினும் ஒன்று தெளிவு. ஒருவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது எளிது. அவர் பேச்சுக்கு அவையில் இடமளிப்பது அரிது. விருந்தினனை வாசலில் வரவேற்பவன், வீட்டுக் கணக்கைப் பற்றி அவன் பேசினால் முகம் சுளிக்கின்றான். இங்கோ, வீட்டுக்குரியவரே விருந்தினராக வாசலில் நிற்கின்றனர்.

வாக்கில் தோற்றதால் கடன் தோற்றுவிடுமா? கடனாளிகள் கூடிக் கை தூக்கினால் கடன் இல்லாது போவதில்லை. பெரும்பான்மை அரசை அமைக்கலாம். உண்மையை அமைக்க முடியாது. தோல்வி காட்டுவதெல்லாம், அண்டை வீட்டுக்காரனிடம் பேச வேண்டியது இன்னும் மீதம் உள்ளது என்பதே.

நம் வாசலில்

இவ்வழக்கு தொலைவில் நிகழ்ந்தது. நமக்கு இதில் என்ன என்று எண்ண வேண்டா. மேபோ தீர்ப்பு கடலைக் கடந்து நம் மண்ணுக்கு வந்துவிட்டது. ஜொகூர் மாநிலத்தின் லிங்கியூ காட்டுப் பகுதியில் வாழ்ந்த ஜக்குன் இனத்து ஓராங் அஸ்லி மக்கள், நீர்த்தேக்கம் அமைப்பதற்காக நிலம் எடுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அடோங் பின் குவாவ் வழக்கு என்று அறியப்படும் அதில், ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம், மேபோ தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, அம்மக்களின் பூர்வீக உரிமையை ஏற்று இழப்பீடு வழங்கியது. பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அந்நீர்த்தேக்கம் ஜொகூர் ஆற்றுக்கு நீர் அளிக்கின்றது. அவ்வாற்றின் நீரை மலேசியரும் சிங்கப்பூரரும் பருகுகின்றனர். நம் குவளையிலுள்ள நீரிலும் ஒரு கணக்கு உண்டு.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த கதையை நாம் பெருமையோடு கூறுகின்றோம். காடு திருத்தி நாடாக்கினோம் என்கின்றோம். அக்கூற்றில் உண்மை உண்டு. வியர்வையும் கண்ணீரும் உண்டு. அவர்கள் தம் விருப்பத்தால் எவரையும் விரட்ட வந்தவர் அல்லர். வறுமை விரட்ட வந்தவர். திருத்திய நிலமும் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும், பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறும் துயரத்தை நம் மக்கள் அனுபவித்தனர். ஆகவே, நம்மீது பழி இல்லை. ஆயினும், திருத்தப்பட்ட அக்காடு வெறுங்காடாக இருந்ததா, அதனைத் தம் வீடென்று அழைத்தவர் எவரேனும் இருந்தனரா என்று நாம் எப்போதேனும் கேட்டதுண்டா? வெளியேற்றத்தின் வலியை அறிந்த நாமே இக்கேள்வியைக் கேட்கவில்லையெனில் வேறு யார் கேட்பார்?

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை ஈகைக்கு முன்னே வைத்தார். இவ்வைப்பு முறை பொருளுடையது. ஈகை, உள்ளவன் இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது. அங்குக் கொடுப்பவன் கை மேலே இருக்கும். ஒப்புரவோ, உலகத்தோடு ஒத்து வாழ்பவன் தன் கடமை என அறிந்து செய்வது. அங்கு மேல் கை, கீழ் கை என்பது இல்லை. முதற்குடிமக்கள் வேண்டுவது ஈகையன்று, ஒப்புரவே. இரக்கத்தை அவர்கள் போதிய அளவு கண்டுவிட்டனர்.

ஆசிரியர்கள் தம் மாணவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுத் தொடங்கலாம்: 'நம் பள்ளி நிற்கும் இந்நிலத்தில் நமக்கு முன் வாழ்ந்தவர் யாவர்? அவர்கள் இப்போது எங்கே உள்ளனர்?' விடை உடனே கிடைக்காமற் போகலாம். பாட்டியைக் கேட்டும், நூலகத்தில் தேடியும், அருகிலுள்ள ஓராங் அஸ்லிக் கிராமத்துப் பெரியவரிடம் அமர்ந்து செவிமடுத்தும் மாணவர் அதனைக் கண்டறியட்டும். எவரையும் குற்றம் சாட்டாத கேள்வி இது. ஆனால், ஒருமுறை கேட்டுவிட்டால், உரியவரற்ற நிலம் என்று ஒன்று உலகில் இருந்ததே இல்லை என்பதை அம்மாணவன் பிறகு மறக்க மாட்டான்.